ரீச்சரிடம் கேளுங்கள்: ‘நாங்கள் அப்படிப் பார்க்கிறதில்லை’

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒருநாள் பெண்கள் கூடிக் கதைப்போம். போனமுறை மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து வந்து குடியேறிய ஓர் அக்கா, “நாற்பது வருசத்துக்கு மேலாக இங்கே இருக்கிறோம். இன்னும் தோட்டக்காட்டார் என்று இளக்காரமாகத்தானே சொல்கிறீர்கள்” என்றார். உடனே ஆளாளுக்கு, “நாங்கள் அப்படிப் பார்க்கிறதில்லை”, “சண்டையில் எல்லாரும்தானே இழந்தோம்” என்று மறுத்தார்கள். அக்கா எழுந்து போய்விட்டார். குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையினர் நிறவெறி பற்றிக் கதைக்க ஒரு முறை வைத்திருக்கிறார்களாமே, அது எங்களுக்கு உதவுமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: உதவும், தங்கச்சி. அந்த அக்கா சொன்னதற்கு உடனே மறுமொழி வந்துவிட்டது. குவேக்கர் முறை தடுப்பது அந்த மறுமொழியைத்தான்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய இந்தச் சபையினரின் பழைய வழிபாட்டில் போதகர் இல்லை. எல்லாரும் மௌனமாக இருப்பார்கள். உள்ளே உந்துதல் வந்தவர் எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு இருப்பார். இந்த வழக்கத்திலிருந்துதான் அவர்கள் கூடிக் கதைக்கும் முறையும் வந்தது. நடுவில் ஒரு கேள்வியை வைப்பார்கள். “எங்கள் ஊரில் பாகுபாடு இருக்கிறதா?” என்று கேட்டால் அது பட்டிமன்றமாகிவிடும். “நான் யாரை, எந்தச் சொல்லால் தள்ளிவைத்தேன்?” என்று கேட்டால் அவரவர் தன் வாழ்க்கைக்குள்தான் தேடவேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பதில்லை. தேற்றுவதோ புத்தி சொல்வதோகூட இல்லை. கொஞ்சநேரம் மௌனம், பிறகு அடுத்தவர். எல்லாருக்கும் ஒரு முறை கிடைக்கும்வரை யாரும் இரண்டாந்தரம் வாய் திறப்பதில்லை. அங்கே சொன்னது வெளியே போவதுமில்லை.

ஜோன் வுல்மன் என்ற குவேக்கரை எனக்கு மிகவும் பிடிக்கும். 1720இல் பிறந்தவர், அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்காரர். இளைஞராகக் கடையில் வேலை செய்தபோது, முதலாளி தன் கறுப்பினப் பணிப்பெண்ணை விற்றுவிட்டு விற்பனைச் சீட்டு எழுதச் சொன்னார். மனம் ஒப்பவில்லை, ஆனாலும் எழுதிக் கொடுத்தார். அந்த உறுத்தல் அவரை விடவில்லை. பின்னர் வேறொருவர் அப்படி ஒரு சீட்டுக் கேட்டபோது மறுத்தார். அடிமைகளை வைத்திருந்த குவேக்கர் வீடுகளுக்கே போய் இருந்து பேசினார். அந்த வீடுகளில் தனக்குப் பணிசெய்த அடிமைகளின் கையில் காசு கொடுத்தார். ஊரைத் திருத்தப் புறப்பட்டபோது தன் கை எழுதியதை அவர் ஒளிக்கவில்லை.

எனக்கும் ஒரு சீட்டு உண்டு. 1984இல், புதிதாய்ப் படிப்பிக்க வந்த காலம். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று என் வகுப்பில் இருந்தது. கணக்கு விளங்கினதா என்று கேட்டேன். “ஆமாங்க டீச்சர்” என்றது. “ஓம் எண்டு சொல்லு” என்று எங்கள் ஊர்ப் பேச்சுக்குத் திருத்தினேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த வருசம் முழுக்க அந்தப் பிள்ளை எனக்குத் தலையாட்டி மட்டுமே பதில் சொன்னது. அடக்கமான பிள்ளை என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதினேன்.

அதனால் மௌனம் என்றால் எல்லாம் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். குவேக்கர்களும் அதில் தவறியிருக்கிறார்கள். 1688இலேயே பென்சில்வேனியாவின் ஜேர்மன்டவுனில் 4 பேர் அடிமைமுறைக்கு எதிராக எழுதிக் கையெழுத்திட்டுச் சபைக்குக் கொடுத்தார்கள். அது ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு அனுப்பப்பட்டுக் கிடப்பில் போனது. அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று பிலடெல்பியா சபை முடிவெடுத்தது 1776இல். இடையில் 88 வருசம். அதற்குப் பிறகும் கறுப்பினத்தவருக்கு வழிபாட்டில் தனி வாங்கு. சேரா மாப்ஸ் டக்ளஸ் என்ற கறுப்பின ஆசிரியை தாயோடு அந்த வாங்கில் இருத்தப்பட்டதை எழுதியிருக்கிறார். எல்லாரும் கண்மூடித் தங்களுக்குள் கடவுளின் ஒளியைத் தேடிய அதே மண்டபத்தில்தான் அந்த வாங்கும் கிடந்தது. இதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அடுத்தமுறை அந்த அக்காவை அழைத்துவந்து “சொல்லுங்கோ” என்று நடுவில் இருத்தாதீர்கள். உங்களுக்குப் படிப்பிப்பது அவருடைய வேலையில்லை. முதலில் நீங்கள் கூடிப் படியுங்கள்: 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை எப்படி நாடற்றவராக்கியது, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே இரண்டு நாட்டுக்கும் எப்படிப் பங்குபோட்டது என்று. பிறகு வட்டமாக இருந்து, அந்த ஒரு கேள்வி. அன்று மறுத்துக் கதைத்தவர்களே முதலில் சொல்லட்டும்.

கேள்வி: இதற்குக் கிறிஸ்தவராக வேண்டுமா? வெறும் கதை போதுமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். போதாது. உங்களில் வயல் உள்ளவர்கள், புல்லுப் பிடுங்க வருகிற மலையகப் பெண்ணுக்கு என்ன கூலி, எந்தக் கோப்பையில் தேத்தண்ணி என்பதை அன்றிரவே வீட்டில் பாருங்கள். அக்காவிடம் போவதென்றால் கூட்டமாகப் போகாமல் ஒருவர் மட்டும் போங்கள். அவர் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வாருங்கள்.