எக்ஸ்ரே சரியாக இருந்தும் பையனுக்குக் கை மரத்துப்போவது ஏன்?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஆறு வயதுப் பையன், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனாலும் கை மரத்துப்போகிறது என்கிறான், நடிக்கிறானா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், உள்ளே ஓடும் தண்டுவடத்தைக் காட்டாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பெரிது, கழுத்துத் தசைக்கு வலு குறைவு, எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்களும் தளர்வு. அதனால் எலும்பு உடையாமலே கழுத்து இழுபட்டு, பழையபடி இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும், ஆனால் அந்த இழுப்பைத் தண்டுவடம் தாங்காது. 1982-இல் பாங், வில்பெர்கர் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு SCIWORA (எக்ஸ்ரேயில் கோளாறு தெரியாத தண்டுவடக் காயம்) என்று தனிப்பெயரே வைத்தார்கள். சிலருக்கு முதலில் கையில் சுரீரென்று ஒரு மின்சாரம், அவ்வளவுதான். பலவீனம் சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் வரும். பையனின் கழுத்தை அசைக்காமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள், தண்டுவடத்தையும் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், எண்ணெய் போட்டு உருவிவிடும் பாட்டி வைத்தியம் மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம்.