கல்லடியில் எடல்வைஸ் பூக்குமா?

சுவிஸில் இருக்கும் அக்கா அனுப்பிய எடல்வைஸ் என்ற ஆல்ப்ஸ் மலைப்பூவின் விதையை மட்டக்களப்பு கல்லடி வளவில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முளைக்க வைக்கலாம், வளர்க்க முடியாது.

ஈர மணலோடு பிரிட்ஜில் நாலைந்து கிழமை வைத்தெடுத்தால், பனிக்காலம் முடிந்தது என்று நம்பி விதை முளைக்கும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான். ஆல்ப்ஸில் அது சுமார் 1800 முதல் 3000 மீற்றர் உயரத்தில் வாழ்கிறது. பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் நல்ல குளிர். நமக்கோ கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுச்சாமத்திலும் புழுக்கம். இரவு சூடானால் செடியின் சுவாசம் கூடி, பகலில் சேர்த்த மாவுச்சத்தை அதுவே தின்று தீர்த்துவிடும். தப்பினாலும் மாரி விடாது: வெயிலுக்கும் காற்றுக்கும் காவலாக இருக்கும் இலையின் வெள்ளைப் பஞ்சு, நம் ஈரக்காற்றில் நீரைப் பிடித்து அழுகும். ஏசி அறையில் வைத்தாலும் அறை வெளிச்சம் அதற்குப் போதாது.

ஆனால் சுவிஸ்காரர் இந்தச் செடிக்குப் பாத்தி கட்டும் முறையைத் தாராளமாகக் களவெடுக்கலாம். அடியில் ஓட்டுத்துண்டு, மேலே பருமணலும் சல்லியும், கொஞ்சம் மக்கிய எரு. அதில் பட்டிப்பூவும் பத்துமணிப்பூவும் வையுங்கள். வேலியோரம் கார்த்திகைப்பூக் கிழங்கொன்று. அது நஞ்சு, பிள்ளைகள் கவனம்.