டீசலில் எத்தனால்: கேள்வி பதில்

லாரி உரிமையாளர், நாமக்கல்: சார், பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. டீசலில் ஏன் கலப்பதில்லை?

பெட்ரோலைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் அழுத்தத்தில் சூடேறிய காற்றில் தானாகவே பற்ற வேண்டும். அந்தக் குணத்தைச் சொல்வது சீட்டேன் எண். பிஎஸ்-6 (வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலுக்குக் குறைந்தது 51. எத்தனாலுக்கு 10-ஐ ஒட்டித்தான். தாமதமாகப் பற்றி, மொத்தமாக எரியும், இன்ஜின் தட்டும்.

விவசாயி, தஞ்சாவூர்: டிராக்டர் டேங்கில் நானே 10 சதவீதம் ஊற்றிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். இன்ஜின் கெடுவது அப்புறம், முதல் பயம் தீ. டீசல் டேங்குக்குள் பற்றுகிற அளவு ஆவி இருக்காது. பெட்ரோல் டேங்கில் ஆவி அதிகம், காற்று போதாது. அதனால் உள்ளே பற்றாது. எத்தனால் ஆவியோ நம்மூர் வெப்பத்தில் சரியாகப் பற்றும் விகிதத்தில் நிற்கும். எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் ஆவி பற்றத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 13 டிகிரி. கொஞ்சம் கலந்தாலும் மொத்தக் கலவையும் அந்தப் பக்கம் இறங்கிவிடும். ஈரம் சேர்ந்தால் இரண்டும் பிரிந்துவிடும் என்பது வேறு. டீசலே பம்ப்புக்கு மசகாகவும் இருக்கிறது; எத்தனால் அதைக் குறைப்பதால் பம்ப்பும் தேயும்.

கல்லூரி மாணவர், கோவை: எத்தனால் கலந்த டீசல் பற்றிய புராஜெக்டுக்கு எதை அளக்கலாம் சார்?

புகையை அளந்து பாருங்கள். எத்தனால் எடையில் 35 சதவீதம் ஆக்சிஜன், அதனால் முழு லோடில் கரும்புகை குறைவது நன்றாகத் தெரியும். குறைந்த லோடில் கார்பன் மோனாக்சைடு ஏறலாம், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். லிட்டர் கணக்கில் மட்டும் ஒப்பிடாதீர்கள்: எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல், டீசலில் 36. 10 சதவீதம் கலந்தாலே 4 சதவீத ஆற்றல் போச்சு.

பஸ் ஓட்டுநர், சேலம்: சுவீடனில் எத்தனால் பஸ் ஓடுகிறதாமே?

ஓட்டியிருக்கிறார்கள், ஆனால் அது டீசல் கலவை இல்லை. 95 சதவீதம் எத்தனால், மீதி பற்றுதலுக்கும் மசகுக்குமான சேர்மானம். சுவீடன் நிறுவனம் ஸ்கேனியா அதற்கென்றே அழுத்த விகிதம் 28:1 வைத்து, அதாவது உள்ளே போவதை 28-இல் ஒரு பங்காக அழுத்தும்படி, இன்ஜின் செய்தது. 2014-இல் நாக்பூரிலும் அப்படி ஒரு பஸ்ஸை ஓட்டிப் பார்த்தார்கள். நம் பழைய வண்டிக்கு அது பொருந்தாது.

பெயர் சொல்லாதவர்: ஐசோபியூட்டனால் என்கிறார்களே?

அதுவும் எத்தனால் போல ஓர் ஆல்கஹால்தான். டீசலில் எத்தனால் முயற்சி சரிவரவில்லை, ஐசோபியூட்டனாலைச் சோதிக்கிறோம் என்று 2025-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே சொன்னார். அது டீசலோடு எளிதில் கலக்கும், எத்தனாலைவிட ஆற்றலும் கூடுதல். சீட்டேன் மட்டும் அதிலும் குறைவுதான். பெட்ரோல் பங்க்கில் வரும்வரை டேங்கில் எதையும் ஊற்றாதீர்கள்.