வாய்க்கால் கரையில் ஜெபம் செய்வது இயற்கை வழிபாடா?

சகோதரி, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாய்க்கால் கரையில் மௌனமாக உட்கார்ந்து ஜெபிக்கிறீர்கள், அன்பியத்தில் (பங்கின் சிறு ஜெபக் குழுவில்) சிலர் அதை இயற்கை வழிபாடு என்கிறார்கள், உட்கார்ந்தாலும் மனசு தண்ணீரில் மிதக்கும் குப்பைக்கே போகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதல் விஷயத்துக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். புனிதர் அசிசி பிரான்சிஸ் படைப்பைப் பற்றிய தம் பாட்டில் தண்ணீரைச் சகோதரி என்கிறார். ஆனால் புகழ்வது ஆண்டவரைத்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் படைப்பைப் பேணுவது பற்றி எழுதிய ‘லவுதாத்தோ சி’ என்ற சுற்றுமடலுக்குத் தலைப்பே அந்தப் பாட்டிலிருந்து எடுத்ததுதான். அதே ஆண்டு செப்டம்பர் 1-ஐப் படைப்பைப் பேணுவதற்கான ஜெப நாளாகவும் அறிவித்தார். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குள்ளேயே வருகிற நாள்! கேட்பவர்களிடம் இதைச் சொன்னால் போதும்.

மனசு அலைவதற்கு வருகிறேன். விவிலியத்தில் படைப்பைப் பாடும் திருப்பாடல் 104-ஐ மெதுவாக வாசியுங்கள். முழுவதும் வேண்டாம், ஏதாவது ஒரு சொல் பிடித்துக்கொண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். கண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது நுரையோடு ஷாம்பு பாக்கெட்டும் ஆகாயத்தாமரையும் மதகில் வந்து அடையுமே, அதைப் பார்த்துக் கோபம் வந்தால் அந்தக் கோபத்தையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். திருப்பாடல்களில் புலம்பலுக்கா பஞ்சம்? ஆனால் ஜெபத்துக்கு நடுவில் எழுந்து பொறுக்கப் போகாதீர்கள். முடித்த பிறகு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கலாம். அப்புறம், தண்ணீர் இழுப்பாக ஓடும் நாளில் மதகுப் பக்கம் தனியாகப் போக வேண்டாம்.