தோடம்பூத் தேன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஸ்பெயினில் இருக்கும் தங்கச்சி ஒரு போத்தல் தோடம்பூத் தேன் அனுப்பியிருக்கிறா. இருமலுக்கு வன்னித் தேனைவிட இது திறம் என்கிறா. நாலு வயது மகனுக்கு இரவிரவாக இருமல். கொடுக்கலாமா?
(வாசகி, நல்லூர்)

பதில்: கொடுக்கலாம். வன்னித் தேனைவிடத் திறம் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. தோடை, தேசி எல்லாம் அடங்கிய தோடை இனப் பூத்தேனை இருமலுக்கென்றே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலிய மருத்துவர்கள் செய்த அந்த ஆய்வு 2012இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. தடிமனும் இரவு இருமலும் உள்ள, 1 முதல் 5 வயது வரையான 300 பிள்ளைகளை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு யூக்கலிப்டஸ் தேன், ஒன்றுக்குத் தோடை இனப் பூத்தேன், ஒன்றுக்குத் துளசி, புதினா குடும்பச் செடிகளின் தேன். நான்காவது பிரிவுக்குத் தேன் போலவே தோன்றும் பேரீச்சம்பழப் பாகு. படுக்கைக்குப் போக அரை மணித்தியாலம் முன்பு 10 கிராம், ஒரே ஒரு தரம். மூன்று தேனும் பாகைவிட நன்றாக இருமலைத் தணித்தன, பிள்ளைகளும் பெற்றோரும் கூடுதலாக நித்திரை கொண்டார்கள். மூன்று தேனுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. ஒரே இரவுச் சோதனை, அந்நாட்டுத் தேன் சபையும் பணம் கொடுத்தது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

10 கிராம் என்பது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி. தண்ணீரில் கரைக்காமல் அப்படியே நக்கக் கொடுங்கள். தொண்டையில் படிய வேண்டியது அந்தத் தடிப்புத்தான். கொடுத்துச் சற்று நேரம் கழித்துப் பல் தீட்ட வையுங்கள், பல்லில் ஒட்டிய தேன் விடியும்வரை அங்கேயே இருக்கக்கூடாது. மூச்சு வேகமாக வாங்கினால், மூச்சு எடுக்கும்போது விலாவுக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டால், முட்டு இழுத்தால், காய்ச்சல் விடாமல் நின்றால் தேனை நம்பி இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: வளவில் ஆறு தேசி மரம், இரண்டு தேனீப் பெட்டி. பூக்கும் காலத்தில் எடுத்த தேனைத் ‘தேசிப்பூத் தேன்’ என்று போட்டு விற்கலாமா?
(வாசகர், கோண்டாவில்)

பதில்: வேண்டாம். எங்கள் பெட்டித் தேனீ ஒரு கிலோமீற்றர் வரை பறந்து தேன் எடுக்கும். அந்த வட்டத்துக்குள் முருங்கை, வேம்பு, தென்னை, புளி எல்லாம் உண்டு. ஆறு மரத்துப் பூ அதில் எந்த மூலை? கோடெக்ஸ் சர்வதேச உணவுத் தரத்தின்படி, தேன் முழுவதுமாகவோ பெரும்பாலுமோ ஒரு பூவிலிருந்து வந்தால்தான் அந்தப் பூவின் பெயரைப் போடலாம். ஸ்பெயினில் கண்ணுக்கெட்டிய தூரம் தோடந்தோட்டம் இருப்பதால்தான் அங்கே அது முடிகிறது. ‘வளவுத் தேன்’ என்று போடுங்கள், அது உண்மை.

தோடை, தேசி இனத்துத் தேன் ஆய்வுகூடத்தில் வழக்கமான அளவுகோலுக்குள் அடங்காது. மற்றத் தேன்கள் பெரும்பாலானவற்றில் சுக்குரோசு (வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சீனி) 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் போகக்கூடாது, தோடை இனத் தேனுக்கு 10 கிராம்வரை அனுமதி. நொதியமும் (என்சைம்) இயல்பிலேயே குறைவு. பல தோடை வகைகளின் பூவில் மகரந்தம் அரிது, ஆகையால் நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் அதிகம் தெரியாது. இந்த விதிவிலக்குகளை அறியாதவர் நல்ல தேனையே ‘சீனிப்பாகு கலந்தது’ என்று தள்ளிவிடலாம். அந்தப் பூமணம் பெரும்பாலும் மெதைல் அந்திரனிலேற்று என்ற சேர்மத்தால் வருவது. போத்தலைத் திறந்ததும் மூக்கில் அடிப்பது அதுதான்.

தேன் எடுக்கும்போது வதையின் அறைகளில் முக்கால்வாசிக்கு மேல் மெழுகு மூடி போட்டிருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் நீர் நூற்றுக்கு 20ஐத் தாண்டி, மாரியில் நுரைத்துப் புளிக்கும். தேசி பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம். பெட்டியும் போகும், தேனும் கெடும்.

கேள்வி: கணவருக்குச் சலரோகம். பூத்தேன் சீனியைக் கூட்டாது என்கிறார்கள். தேத்தண்ணிக்குப் போடலாமா?
(வாசகி, கொக்குவில்)

பதில்: கூட்டும். ஒரு தேக்கரண்டி தேன் 7 கிராம், அதில் ஏறத்தாழ 6 கிராம் சீனி, 21 கலோரி. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சீனி 4 கிராம், 16 கலோரி. கரண்டிக்குக் கரண்டி தேன்தான் கூடுதல். தோடம்பூத் தேனில் எசுப்பரற்றின் என்ற பிளேவனொயிட்டு (ஒரு வகைத் தாவரச் சேர்மம்) உண்டு, ஆனால் அது மில்லிகிராம் கணக்கு. அதற்காக 6 கிராம் சீனியை விழுங்குவது சரிவராது. உலக சுகாதார நிறுவனமும் தேனைச் சேர்த்தே சீனிக் கணக்குப் பார்க்கிறது. ஒரு இடத்தில் மட்டும் தேன் அவருக்கு உதவும்: மருந்தால் சீனி இறங்கி வியர்த்து நடுங்கினால், விழுங்கும் நிலையில் இருந்தால், ஒரு மேசைக்கரண்டி கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பச் சோதியுங்கள்.

கேள்வி: எட்டு மாதப் பேரனின் நாக்கில் துளி தேன் தடவலாமா? காய்ச்சிக் கொடுத்தால்?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: கூடாது. ஒரு வயது முடியும்வரை எந்தத் தேனும், எந்த அளவிலும் வேண்டாம். தேனில் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் கிருமியின் வித்திகள் இருக்கலாம். சிசுவின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரந்தால் தசைகள் சோர்ந்து, மூச்சும் முடங்கும். அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்திகள் சாகா.

கேள்வி: தோடம்பூத் தேனில் விற்றமின் சி அதிகமா? கொதிதண்ணீரில் கலக்கலாமா?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: விற்றமின் சி பழத்தில் இருக்கிறது, பூத்தேனில் பெயருக்குத்தான். அதற்குத் தேசிக்காய்ப் புளியைப் பிழியுங்கள். கொதிதண்ணீரில் மணம்தான் முதலில் பறக்கும், நொதியமும் அழியும். வாயில் வைக்கக்கூடிய சூட்டுக்கு ஆறியபின் விடுங்கள்.

கேள்வி: தோடம்பூத் தேன் அடியில் உறைந்துவிட்டது. கலப்படமா?
(வாசகி, சுன்னாகம்)

பதில்: இல்லை. குளுக்கோசு பளிங்காகிறது. 14 பாகை செல்சியசை அண்டிய குளிரில் அது மிக விரைவாக நடக்கும். போத்தலைக் கை பொறுக்கும் சூட்டு நீரில், 40 பாகைக்கு மேற்படாமல், மூடி நனையாதபடி நிறுத்தி இடைக்கிடை கிண்டுங்கள். அடுப்பில் நேராக வைத்தால் நிறம் கறுத்து மணம் போய்விடும். ஈரக் கரண்டி போட்டால் மேல்படை நீர்த்துப் புளிக்கத் தொடங்கும். நீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி பற்றவைத்துப் பார்ப்பது இரண்டும் பாகு கலந்ததைக் காட்டித் தரா, அவற்றில் நேரத்தை வீணாக்காதீர்கள்.