முகச் சிவப்புக்கு லேசர்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா, ஆறு வாரத்துக்கு ஒருமுறையா?

கேள்வி: எனக்கு 46 வயது, ஊர் கும்பகோணத்துக்கு அருகே. மூக்கிலும் இரு கன்னங்களிலும் மூன்று ஆண்டுகளாகச் சிவப்பு நிலைத்துவிட்டது. அடுப்படியில் நின்றாலும் வயலுக்குப் போனாலும் முகம் எரிகிறது. ரோசேசியா (முகச் சிவப்பு நிலைத்துப்போகும் ஒரு தோல்நோய்) என்று சொல்லி ஆவணி 20 அன்று முதல் லேசர் செய்தார்கள். அடுத்தது ஆறு வாரம் கழித்து என்கிறார்கள். வேறோர் இடத்தில், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஐந்து சிட்டிங்கையும் சீக்கிரம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். தை மூன்றாம் வாரத்தில் மகளுக்குத் திருமணம். யார் சொல்வதைக் கேட்பது? முன்பு மருந்துக் கடையில் வாங்கிய ஒரு கிரீமை இப்போது விசேஷங்களுக்குப் போகும்போது மட்டும்தான் தடவுகிறேன்.

பதில்: ஆறு வாரம் என்று சொன்னவரின் கணக்கே சரி. லேசர் ஒளி மேல்தோலைக் கடந்து உள்ளே சென்று, விரிந்து கிடக்கும் நுண்ரத்தக் குழாய்களில் உள்ள ஹீமோகுளோபினால் உறிஞ்சப்பட்டு வெப்பமாக மாறுகிறது; அந்த வெப்பத்தில் குழாயின் சுவர் சேதமடைந்து மூடிக்கொள்கிறது. கருவி செய்வது அவ்வளவுதான். மூடிய குழாயையும் உறைந்த ரத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுவது உடம்பின் வேலை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இரண்டாவது வாரத்தில் கண்ணாடியில் தெரியும் சிவப்பில் எவ்வளவு நோயினுடையது, எவ்வளவு லேசர் கிளப்பிய அழற்சியினுடையது என்று பழகிய கண்ணாலும் பிரித்துச் சொல்வது கடினம்.

அதைவிடப் பெரிய காரணம் நம் தோலின் நிறம். ஹீமோகுளோபினுக்காக அனுப்பும் ஒளியில் மேல்தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பங்கு கேட்கிறது. நிறம் கூடக்கூட அந்தப் பங்கும் கூடுகிறது. மாநிறத் தோலில் அழற்சிக்குப் பின் வரும் கருமை மறுநாளே தெரிவதில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள்தான் மெல்ல மேலே வருகிறது. பதினான்காம் நாள் மறுபடியும் லேசரைக் கையில் எடுப்பவர், முதல் சிட்டிங் என்ன செய்தது என்பதைப் பார்க்காமலேயே இரண்டாவதைத் தொடங்குகிறார். அப்போது தோலுக்குள் கூடிக்கொண்டிருக்கும் மெலனின் இன்னும் அதிக ஒளியை வாங்கிக்கொள்ளும். கொப்புளத்துக்கும் கருந்திட்டுக்கும் அதுவே வழி. சிவப்பு போக வேண்டும் என்று வந்து, பல மாதங்கள் கன்னத்தில் கருமையோடு நடக்க நேர்ந்தவர்களுக்குச் சமாதானம் சொல்வது எளிதான காரியமல்ல.

மூன்று, நான்கு வார இடைவெளியும் நடைமுறையில் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வெளிர் நிறத் தோலில், கன்றல் வராத அளவுக்குச் சக்தியைக் குறைத்துச் செய்யும் முறைக்குப் பொருந்துவது. கருவியையும் பார்க்க வேண்டும். 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள கேடிபி லேசரையும், பல அலைநீளங்களைக் கலந்து வீசும் ஐபிஎல் கருவியையும் மெலனின் அதிகம் பிடித்துக்கொள்கிறது. 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் நன்றாகக் குளிரூட்டிக்கொண்டு நிதானமாகச் செய்பவர் கையில் நம் தோலுக்கும் ஒத்துப்போகிறது. 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஆனால் அது ஆழமாகப் போவதால் ஒரே இடத்தில் இருமுறை பட்டால் தழும்பே விழலாம். எனவே முதல் சிட்டிங்கில் பயன்படுத்திய கருவி, அலைநீளம், சக்தியின் அளவு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்காமலேயே அடுத்த தேதி கொடுக்கும் இடத்துக்கு நான் என் வீட்டாரை அனுப்ப மாட்டேன்.

ஆறு வாரம் முடிந்ததும் தோல் தயாரா என்பதை நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். காலையில், அடுப்பைப் பற்றவைக்கும் முன், சன்னல் அருகே கைக்கண்ணாடியுடன் உட்காருங்கள். அடிப்பக்கம் தட்டையான, நிறமற்ற கண்ணாடித் தம்ளரைக் கழுவித் துடைத்து, அதன் அடியைக் கன்னத்தில் மெதுவாக அழுத்தி ஊடே பாருங்கள். சிவப்பு வெளிறிப்போய், எடுத்தவுடன் மீண்டும் நிரம்பினால் அது குழாய்க்குள் ஓடும் ரத்தம். லேசருக்கு இன்னும் வேலை இருக்கிறது. அழுத்தியும் ஊதாவாகவே நின்றால் கசிந்த ரத்தம் இன்னும் கரையவில்லை. அழுத்தியும் பழுப்பாக நின்றால் அது மெலனின். அந்தப் பழுப்பு மங்கும்வரை, எட்டு வாரமானாலும் பத்து வாரமானாலும், அடுத்த சிட்டிங்கைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். தள்ளிப்போவதால் முதல் சிட்டிங்கின் பலன் வீணாகிவிடாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடைசி வரிதான். கடையில் கேட்டவுடன் கிடைத்து, தடவியவுடன் முகம் தெளிந்து, நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும் கிரீம் என்றால், அதில் பெரும்பாலும் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற ஒரு ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு முகத்தோலை மெலிதாக்கி, குழாய்களை விரித்து, ரோசேசியாவைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு சிவப்பை உண்டாக்குகிறது. இருக்கும் ரோசேசியாவையும் வளர்க்கிறது. விசேஷத்துக்கு மட்டும் என்றாலும், ஆவணியிலும் ஐப்பசியிலும் வரும் முகூர்த்தங்களை எண்ணிப் பாருங்கள். டியூபைப் பத்திரமாக வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள், முகத்தில் தடவாதீர்கள். நிறுத்தியதும் எரிச்சலும் சிவப்பும் சில வாரம் கூடும், சிலருக்கு மாதங்கள்கூட நீளும். அந்தக் கொந்தளிப்பு அடங்காமல் லேசர் செய்யக் கூடாது. அடங்குவதற்கு மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகிய பூச்சுகளோ டாக்சிசைக்ளின் மாத்திரையோ மருத்துவர் தரக்கூடும். கன்னச் சிவப்போடு மூட்டுவலி, வாய்ப்புண், காய்ச்சல் இருந்தால் லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்) இல்லை என்பதை ரத்தப் பரிசோதனையில் முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

கிரீமை இன்றே விட்டு, தோலும் அடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது சிட்டிங் ஐப்பசி முதல் வாரத்திலும் மூன்றாவது கார்த்திகை மூன்றாம் வாரத்திலும் வரும். திருமணத்துக்கு ஏழு, எட்டு வாரம் மிச்சமிருக்கும். அந்த இடைவெளி அவசியம். கருமை வந்தாலும் அது தெரிந்து மங்கத் தொடங்க அவ்வளவு காலம் வேண்டும். மார்கழியில் இன்னொன்றைச் செருகும் யோசனை வேண்டாம். இதில் சிக்கல் புரட்டாசிதான். சம்பா நடவுக்கு வரப்பில் நிற்கும்போது மேலே இருந்து வெயிலும், வயலில் கட்டிய நீரிலிருந்து அதன் எதிரொளியும் முகத்தில் விழும். குடை மேல்வெயிலைத்தான் தடுக்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, நிறம் கலந்த சன்ஸ்கிரீனைக் காலையிலும் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பூசி, முகத்தைத் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் முகம் கறுத்திருந்தால் ஐப்பசி முதல் வாரத் தேதியைக் கைவிடுவதே நல்லது.

கஞ்சி வடிக்கும்போது முகத்தை ஆவிக்கு நேரே நீட்டாதீர்கள். டிகிரி காப்பியை விட வேண்டியதில்லை, ஆற்றிக் குடியுங்கள். முகத்தைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் அதன் சூடுதான். நலங்கில் மஞ்சளைக் கையிலும் காலிலும் பூசிக்கொண்டு முகத்தை விட்டுவிடுங்கள்.

கண்ணில் உறுத்தலோ எரிச்சலோ இருந்தால் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும், ஏனெனில் ரோசேசியா கண்ணையும் தொடும். லேசருக்குப் பின் இரண்டு மூன்று நாள் வீக்கமும் ஓரிரு வாரம் கன்றலும் வருவது இயல்பு. கொப்புளம், பொருக்கு, சாம்பல் நிறமாக வெளிறிய தோல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே செய்த இடத்துக்குத் திரும்பிப் போய்க் காட்டுங்கள். நான்காவது சிட்டிங் தேவைப்பட்டால், தையிலும் மாசியிலும் அறுவடைக் களத்திலும் பிறகு அக்கினி நட்சத்திரத்திலும் முகம் வெயில் படும் என்பதால், அதை அடுத்த ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளலாம்.