வேலை முடிந்த பிறகு என்ன செய்வது? வெளிநாடு போகும் தன்னார்வலர்களின் கேள்விகள்

இரண்டு வருடம் வெளிநாட்டில் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்தவன் நான். கிளம்பப் போகிறவர்களும், போய்ச் சேர்ந்து சில வாரமே ஆனவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. விசா, ஒப்பந்தம் போன்றவற்றை அனுப்பும் அமைப்பே விளக்கிவிடும் என்பதால் அன்றாட விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அடுத்த மாதம் கிளம்புகிறேன். ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்? வேலைக்கே நேரம் சரியாக இருக்குமா?

பதில்: முதல் சில மாதம் வேலை அவ்வளவாக இருக்காது. உங்களுக்கு மொழி தெரியாது, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாது. உங்களை வைத்து என்ன செய்வதென்று அலுவலகத்துக்கும் தெரியாது. வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு 27 மாதப் பணிக்காலத்தில் முதல் 3 மாதத்தை மொழிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குவது சும்மா இல்லை. நான் போன புதிதில் பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பேன்.

அதைவிட நீளமானது சாயங்காலம். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்றால் ஆண்டு முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான், சட்டென்று இருட்டிவிடும். கரண்டும் போய்விட்டால் தூக்கம் வரும்வரை நான்கு மணி நேரம் கையில் இருக்கும். அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி இப்போதே யோசியுங்கள். வேலையையாவது யாராவது கற்றுக்கொடுப்பார்கள்.

கேள்வி: மொழி தெரியாமல் உள்ளூர் ஆட்களோடு எப்படிப் பழகுவது? பேச்சைத் தொடங்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: பேச்சு வேண்டியிராத இடமாகப் பார்த்துப் போங்கள். நான் தெருமுனை மைதானத்தில் சாயங்கால வாலிபாலில் சேர்ந்தேன். ஆடியவர்களிலேயே மோசமான ஆள் நான்தான், அதுவே வசதியாகப் போயிற்று. கற்றுக்கொடுக்க வந்தவன் தடுமாறுவதைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். புள்ளிகளை உரக்கச் சொல்வார்கள் என்பதால் ஒரே வாரத்தில் அந்த மொழியில் 25 வரை எண்ணக் கற்றுக்கொண்டேன். 26 என்னவென்று, ஆட்டம் 24-24 என்று இழுபறியான ஒரு நாளில்தான் தெரிந்தது.

ஆட்டம் பிடிக்காவிட்டால் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே கடைக்குப் போங்கள். மூன்றாவது வாரம் அவர்களே பேச்சைத் தொடங்குவார்கள். குழந்தைகளிடம் பேசிப் பழகுவது இன்னும் நல்லது, திருத்திச் சொல்ல அவர்கள் அலுத்துக்கொள்வதே இல்லை.

கேள்வி: ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். அறைக் கதவைச் சாத்தினால் உடனே வந்து தட்டி "உடம்பு சரியில்லையா" என்கிறார்கள். தனிமையே இல்லை.

பதில்: பல வீடுகளில் பகலில் கதவைச் சாத்துவது கோபத்துக்கோ நோய்க்கோ அடையாளம். தனியாக இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தோன்றாது. "படிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் எடுபடும். நான் தினமும் ஒரு நடை போய்விடுவேன், அதுதான் என் தனியறை. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுங்கள், மற்றதையெல்லாம் மன்னித்துவிடுவார்கள்.

கேள்வி: வந்து மூன்று மாதம். முதலில் எல்லாமே பிடித்தது, இப்போது எல்லாமே எரிச்சலாக இருக்கிறது. திரும்பிவிடலாமா?

பதில்: இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். 1955-இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா போய் வந்த தம் நாட்டு உதவித்தொகையாளர்களை ஆராய்ந்து, மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு சரிந்து, மறுபடி ஏறும் என்றார். எல்லோருக்கும் அது பொருந்தவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எனக்கும் அந்த வரிசை பொருந்தவில்லை. ஞாயிறு பிற்பகல்தோறும் சரிவேன், திங்கள் காலை சரியாகிவிடும். உங்களுக்கும் எந்த நேரத்தில் அடிக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். நேரம் தெரிந்தால் அந்த நேரத்துக்கு ஒரு வேலை வைக்கலாம். நான் ஞாயிறு பிற்பகலைத் துணி துவைக்க ஒதுக்கினேன்.

ஆனால் தூக்கமே இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் போனால் நோட்டெல்லாம் போதாது. உங்கள் அமைப்பின் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: வார இறுதியெல்லாம் மற்ற தன்னார்வலர்களோடுதான் போகிறது. தப்பா?

பதில்: தப்பில்லை, மாதம் ஒரு தடவை மனசுவிட்டுப் புலம்ப அவர்கள் வேண்டும். ஒவ்வொரு வாரமும் என்றால் புலம்பல்தான் பொழுதுபோக்காகிவிடும். எங்கள் கும்பலுக்கு அது நடந்தது.

கேள்வி: செலவுக்குத் தரும் படிப்பணத்தில் மிச்சம் பிடிக்க முடியுமா? விடுமுறைக்கு ஊர் சுற்ற ஆசை.

பதில்: ஐ.நா. தன்னார்வலர் திட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயரே வாழ்க்கைப்படி, அது சம்பளமில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று உறையில் போட்டு வையுங்கள், சுற்றுவதற்குக் கொஞ்சம் மிஞ்சும். விடுமுறை அந்தத் திட்டத்தில் மாதத்துக்கு இரண்டரை நாள், பீஸ் கோரில் இரண்டு நாள். சேர்த்து வைத்து ஒரே மூச்சாக எடுங்கள்.

சுற்றப் போகிறேன் என்று வாடகை மோட்டார் சைக்கிளில் மட்டும் ஏறாதீர்கள். அனுமதியில்லாமல் ஓட்டினால் பணியிலிருந்தே அனுப்பிவிடும் அமைப்புகள் உண்டு.

கேள்வி: வயிறு அடிக்கடி கெடுகிறது. அருகில் மருந்துக் கடையும் இல்லை.

பதில்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும். குடிநீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2,000 மீட்டருக்கு மேலான மலையூர் என்றால் மூன்று நிமிடம்.

கேள்வி: என் மகள் போய் ஆறு வாரமாகிறது. முதலில் தினமும் பேசினாள், இப்போது வாரத்துக்கு ஒருமுறைதான். ஏதாவது பிரச்சினையா தம்பி?

பதில்: பெரும்பாலும் நல்ல சேதிதான் அம்மா. தினமும் இரண்டு மணி நேரம் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்த ஊரில் இருந்ததாகவே சொல்ல முடியாது. சாயங்காலம் அவளுக்கு ஏதோ வேலையோ ஆட்களோ கிடைத்திருக்கிறார்கள். கிழமையும் நேரமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வராவிட்டால் மட்டும் கவலைப்படுங்கள், அதற்கும் முன்னால் "அங்கே நெட் இருக்கிறதா" என்று ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பெட்டியில் கடைசியாக ஒரு பொருளுக்குத்தான் இடம். என்ன வைக்கலாம்?

பதில்: சீட்டுக்கட்டு. சார்ஜ் வேண்டாம், மொழியும் வேண்டாம். என் சீட்டுக்கட்டில் ஸ்பேடு ராணி முதல் வாரமே தொலைந்துபோனாள். பிஸ்கட் அட்டையில் வெட்டி, வீட்டுக்காரப் பையன் ஒருத்தியை வரைந்து கொடுத்தான். இரண்டு வருடமும் அந்த ராணியை வைத்தே ஆடினோம், அவள் யார் கையில் இருக்கிறாள் என்பது எப்போதும் எல்லோருக்கும் தெரியும்.